மூட மறந்த கதவு

"இந்தப் பதினாலாவது வரிய யாரும்மா எழுதினது?"

என் மேற்பார்வையாளர் அப்படிக் கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை. கையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார். எங்கள் நிறுவனத்தின் ஃபயர்வாலில் உள்ள விதிகளை எல்லாம் வரிசையாக அச்சிட்டு எடுத்து வந்திருந்தார். ஃபயர்வால் என்பது கட்டடத்துக்குள் வரும் தரவையும் வெளியே போகும் தரவையும் சோதித்து அனுப்பும் காவல் சாதனம். பதினான்காவது விதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அந்த விதி சொன்னது இதுதான்: எங்கிருந்து வந்தாலும், எங்கே போனாலும், எதுவாக இருந்தாலும், அனுமதி.

எழுதியது நான்தான். எழுதி 23 நாள்கள் ஆகியிருந்தன.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினிக் கட்டமைப்பு படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம் அது. சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் இருக்கும் ஒரு கிடங்கு நிறுவனம். எங்கள் குழுவுக்கு அப்போது கொடுக்கப்பட்டிருந்த வேலை, நிறுவனத்தின் சொந்த சர்வர் அறையை மேகக் கணிமைக் கட்டமைப்புடன் பாதுகாப்பாக இணைப்பது. கல்லூரியில் இதை ஒரு படமாக வரைந்திருக்கிறேன். இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு மேகம், நடுவில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு பூட்டு. அந்தக் கோட்டுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை அந்தச் சில மாதங்களில்தான் கற்றுக்கொண்டேன். தொழில்நுட்பத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களுக்கு என் தவறு உட்பட அதைச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லாவற்றையும் ஏன் மாற்றவில்லை?

"மேகக் கணிமைக்கு மாறினால் சர்வர் அறையை மூடிவிடலாமே?" என்று நானும் முதல் வாரத்தில் கேட்டேன். மேற்பார்வையாளர் என்னைக் கிடங்குத் தளத்துக்கு அழைத்துச் சென்றார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். எல்லாரும் அவரை 'அண்ணே' என்றே கூப்பிடுவார்கள். பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் இயந்திரத்தைக் காட்டினார். பட்டைக்குறியீட்டைப் படித்தவுடன் இந்தப் பெட்டி எந்த வழியில் போக வேண்டும் என்ற பதில் அந்த இயந்திரத்துக்குக் கிடைக்க வேண்டும். பதில் தாமதமானால் பெட்டி தவறான வழியில் போய்விடும். அந்தப் பதிலைத் தரும் சர்வர் அதே கட்டடத்தில் இருப்பதுதான் நல்லது.

கண்ணாடியிழைக் கம்பியில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் பயணம் செய்கிறது. வேகம்தான். ஆனாலும் ஒவ்வொரு ரூட்டரையும் தாண்டிப் போய்த் திரும்பும்போது மில்லிவினாடிகள் சேர்ந்துகொண்டே போகும். வழியில் கம்பி அறுந்தாலோ பதிலே வராது.

இன்னொரு பக்கம், வாடிக்கையாளர்கள் தங்கள் சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கும் இணையப் பக்கத்தை மேகத்தில் வைப்பது எளிது. விழாக்கால விற்பனையின்போது திடீரென்று கூட்டம் கூடினால் சில நிமிடங்களில் கூடுதல் சர்வர்களைச் சேர்க்கலாம். கூட்டம் குறைந்ததும் விட்டுவிடலாம். அதற்கான வசதி பக்கத்திலேயே இருக்கிறது. அமேசானின் மேகக் கணிமைச் சேவை 2010லேயே சிங்கப்பூரில் தன் தரவு நிலையங்களைத் தொடங்கிவிட்டது. 2024இல் மலேசியாவிலும் தொடங்கியது.

ஆக, பாதி இங்கே, பாதி அங்கே. வங்கிகள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள் எனப் பல இடங்களில் இதுதான் நிலைமை. இரண்டு பாதிகளும் ஒரே வலையமைப்புபோல் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சை வேறு யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது.

முதல் தடை: ஒரே எண், இரண்டு வீடுகள்

கம்பியைத் தொடுவதற்கு முன்பே ஒரு சிக்கல் வந்தது. உங்கள் வீட்டு வைஃபை ரூட்டரில் 192.168 என்று தொடங்கும் ஐபி முகவரியைப் பார்த்திருப்பீர்கள். அதே முகவரி உங்கள் நண்பர் வீட்டிலும் இருக்கும். உள்ளே மட்டும் பயன்படுத்துவதற்காக ஒதுக்கப்பட்ட தனியார் முகவரிகள் அவை. 1996இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் இப்படி மூன்று தொகுதிகளை வரையறுக்கிறது. 10 என்று தொடங்கும் தொகுதியில் மட்டும் 16,777,216 முகவரிகள் உள்ளன.

அவ்வளவு இருந்தும் எல்லாருக்கும் 10.0 என்று தொடங்குவதுதான் பிடிக்கும். எங்கள் சர்வர் அறையும் 10.0 என்றே தொடங்கியது. மேகத்தில் வலையமைப்பை உருவாக்கிய ஒப்பந்ததாரரும் அதையே எடுத்திருந்தார். தனித்தனியாக இருந்தவரை தொல்லை இல்லை. இணைத்த பிறகு 10.0.1.20 என்ற முகவரிக்கு ஒரு செய்தி போக வேண்டுமென்றால் அது எந்த 20? அங் மோ கியோவிலும் புளோக் 204 உண்டு, பிடோக்கிலும் புளோக் 204 உண்டு. சாலைப் பெயர் இல்லாமல் புளோக் எண்ணை மட்டும் எழுதிக் கடிதத்தைப் பெட்டியில் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

மேகத்தில் இன்னும் எதையும் குடிவைக்கவில்லை என்பதால் அங்கே முகவரிகளை மாற்றினோம். அரை நாள் வேலையோடு முடிந்தது. சர்வர்கள் ஓடத் தொடங்கிய பிறகு கண்டுபிடித்திருந்தால் மாதக் கணக்கில் இழுத்திருக்கும்.

பொதுச் சாலையில் ஒரு சுரங்கம்

இணைப்பதற்கு முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எல்லாரும் பயன்படுத்தும் பொது இணையத்தின் வழியாகவே ஒரு மறையாக்கச் சுரங்கத்தை அமைப்பது. இதைத்தான் விபிஎன் என்கிறோம். நிறுவனங்களுக்கு இடையிலான இணைப்புகளில் பரவலாகப் பயன்படும் நெறிமுறை ஐபிசெக்.

சுரங்கத்தின் இரு முனைகளிலும் இரண்டு சாதனங்கள் இருக்கும். எங்கள் கட்டடத்தில் ஒன்று, மேகத்தில் ஒன்று. அவை முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். 'நீ உண்மையிலேயே நீதானா?' என்பது ஒன்று. 'நாம் இருவரும் எந்த ரகசியச் சாவியைப் பயன்படுத்தப் போகிறோம்?' என்பது மற்றொன்று.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் படிக்கும் காலத்திலிருந்தே வியப்பு. எல்லாரும் பார்க்கும் சாலையில் நின்றுகொண்டு இருவர் மட்டும் அறிந்த ரகசியத்தை எப்படி உருவாக்க முடியும்? 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் வெளியிட்ட வழி இதற்கு விடை தந்தது. கால்குலேட்டர் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

எல்லாருக்கும் தெரிந்த இரண்டு எண்கள்: 3, 17. நான் மனத்துக்குள் 6 என்று வைத்துக்கொள்கிறேன். 3இன் 6ஆம் அடுக்கு 729. அதை 17ஆல் வகுத்தால் மீதி 15. இந்த 15ஐ உங்களுக்கு வெளிப்படையாக அனுப்புகிறேன். நீங்கள் மனத்துக்குள் 7 என்று வைத்துக்கொள்கிறீர்கள். 3இன் 7ஆம் அடுக்கு 2,187. 17ஆல் வகுத்தால் மீதி 11. அதை எனக்கு அனுப்புகிறீர்கள். இப்போது நீங்கள் தந்த 11ஐ என் ரகசிய எண்ணான 6ஆம் அடுக்குக்கு உயர்த்தி 17ஆல் வகுக்கிறேன். மீதி 8. நான் தந்த 15ஐ நீங்கள் 7ஆம் அடுக்குக்கு உயர்த்தி 17ஆல் வகுத்துப் பாருங்கள். அதே 8 வரும்.

நடுவில் ஒட்டுக்கேட்டவருக்கு 3, 17, 15, 11 ஆகிய நான்கும் தெரியும். 8 தெரியாது. இவ்வளவு சிறிய எண்கள் என்றால் முயன்று பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நடைமுறையில் 17க்குப் பதிலாக 2,048 பிட் எண்ணைப் பயன்படுத்தினால் அதில் 617 இலக்கங்கள் இருக்கும். அங்கே முயன்று பார்ப்பது நடக்காத காரியம்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. எதிரே இருப்பவர் யார் என்பதை அது நிரூபிக்காது. நடுவில் ஒருவர் புகுந்து இரு பக்கமும் தனித்தனியாகக் கைகுலுக்கலாம். அதனால்தான் முதல் கேள்வி தேவைப்படுகிறது. முன்பே பகிர்ந்துகொண்ட நீண்ட கடவுச்சொல்லாலோ மின்னிலக்கச் சான்றிதழாலோ இரு முனைகளும் தங்களை அடையாளம் காட்டுகின்றன. அதன் பிறகு ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் மறையாக்கம் செய்யப்படும். அதாவது, சாவி உள்ளவர் மட்டுமே படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றப்படும். பிறகு அது புதிய உறைக்குள் வைத்து அனுப்பப்படும். வழியில் பார்ப்பவருக்கு உறையின் மேல் உள்ள இரண்டு முகவரிகள் மட்டும் தெரியும்.

பெரிய பொட்டலம் எங்கே போயிற்று?

சுரங்கம் அமைந்துவிட்டது. சோதனைக்கு ஒரு சிறு செய்தி அனுப்பினேன், உடனே பதில் வந்தது. மேகத்தில் இருக்கும் செயலியின் நுழைவுப் பக்கமும் திறந்தது. கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போனேன். சரக்கு அறிக்கையைத் திறந்தபோது திரை அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்திகூட வரவில்லை. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

மாலை ஆறு மணி. ஃபயர்வால்தான் எதையோ தடுக்கிறது என்று நினைத்தேன். அதை உறுதிசெய்துகொள்ள, தற்காலிகமாக எல்லாவற்றையும் அனுமதிக்கும் ஒரு விதியைச் சேர்த்தேன். அதுதான் பதினான்காவது வரி. அறிக்கை அப்போதும் திறக்கவில்லை.

அண்ணன் வந்து பார்த்தார். "சின்னது போகுது, பெருசு போகலன்னா என்னம்மா அர்த்தம்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஈதர்நெட் வலையமைப்பில் ஒரு பொட்டலம் பொதுவாக 1,500 பைட்டு வரை இருக்கலாம். மறையாக்கம் செய்து புதிய உறையில் வைக்கும்போது ஏறக்குறைய 50 முதல் 100 பைட்டு கூடிவிடும். ஏற்கெனவே 1,500 இருந்த பொட்டலம் இப்போது சுரங்கத்தைவிடப் பெரியது. 'என்னால் அனுப்ப முடியவில்லை, சிறிதாக்கி அனுப்பு' என்று வழியில் உள்ள சாதனம் அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். எங்கள் வழியிலிருந்த வேறொரு சாதனம் அந்தத் தகவலைத் தடுத்திருந்தது. அனுப்பிய சர்வருக்கோ எதுவுமே தெரியாது. பெரிய பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. நுழைவுப் பக்கம் சிறியது, தப்பித்தது. அறிக்கை பெரியது, மாட்டிக்கொண்டது.

இரு முனைகளும் முதல் கைகுலுக்கலிலேயே சிறிய அளவை ஒப்புக்கொள்ளும்படி ரூட்டரில் ஒரு வரியை மாற்றினோம். அறிக்கை திறந்தது. மகிழ்ச்சியில் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினோம். பதினான்காவது வரி அங்கேயே இருந்தது.

தனிப்பாதை பூட்டிய பாதை அல்ல

இணைப்பதற்கான இரண்டாவது வழி தனிப்பாதை. பொது இணையத்தைத் தொடாமல் நம் கட்டடத்திலிருந்து மேகக் கணிமை நிறுவனத்தின் ரூட்டர்வரை தனிக் கம்பி. அமேசான் 2011இல் இதை 'டைரக்ட் கனெக்ட்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. மைக்ரோசாஃப்ட்டில் இதன் பெயர் 'எக்ஸ்பிரஸ்ரூட்'. கூகலில் 'இன்டர்கனெக்ட்'. சிங்கப்பூரில் ஆயர் ராஜா, தை செங் போன்ற இடங்களில் உள்ள தரவு நிலையங்களில் இத்தகைய சந்திப்புகள் நடக்கின்றன. நிறுவனத்தின் ரூட்டரிலிருந்து மேகக் கணிமை நிறுவனத்தின் ரூட்டருக்கு ஒரு கண்ணாடியிழைக் கம்பியைச் செருகுவார்கள். வேகம் வினாடிக்கு 1, 10, 100 கிகாபிட் என்று அளவுக்கேற்பக் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, அமேசானின் வழக்கமான விபிஎன் சுரங்கம் ஒன்றின் உச்சம் 1.25 கிகாபிட்.

சில வாரங்களில் எங்களுக்கும் தனிப்பாதை வந்தது. "இனிமே மறையாக்கம் எதுக்கு, அது நம்ம சொந்தப் பாதைதானே?" என்று கேட்டேன். அப்படிக் கேட்கும் முதல் ஆள் நானல்ல என்றார் அண்ணன்.

தனிப்பாதையில் போகும் தரவு தானாக மறையாக்கம் செய்யப்படுவதில்லை. அந்தக் கம்பி நம் கட்டடத்திலிருந்து கிளம்பித் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சாதனங்கள், தரவு நிலையத்தின் இணைப்புப் பலகைகள் என்று பலர் கைவைக்கும் இடங்களைக் கடந்துதான் போகிறது. நெரிசலற்ற சாலை என்பது வேறு, பூட்டிய வண்டி என்பது வேறு. தனிப்பாதை முதலாவதைத் தருகிறது. இரண்டாவதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். அதற்குத் தனிப்பாதையின் மேலேயே ஐபிசெக் சுரங்கத்தை ஓட்டலாம். அல்லது கம்பி மட்டத்திலேயே மறையாக்கும் மேக்செக் என்ற முறை கிடைக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தலாம். நாங்கள் முதலாவதைச் செய்தோம்.

எந்த முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இரு பக்க ரூட்டர்களும் ஒன்றுக்கொன்று அறிவிக்க வேண்டும். அதற்கான நெறிமுறை பிஜிபி. 1989இல் யாக்கோவ் ரெக்டர், கர்க் லாஹீட் என்ற இரு பொறியாளர்கள் உணவு வேளையில் கைதுடைக்கும் தாள்களில் இதன் முதல் வரைவை எழுதினார்கள் என்பது இத்துறையில் எல்லாரும் சொல்லும் கதை. உலக இணையமே இன்றும் அதன்மேல்தான் ஓடுகிறது.

பிஜிபியின் பலவீனம், அது சொன்னதை நம்பிவிடும். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தானின் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று, தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காகச் செய்த அறிவிப்பு வெளியுலகுக்கும் கசிந்தது. உலகின் பல பகுதிகளில் யூடியூபைத் தேடிப்போன தரவு பாகிஸ்தானுக்குப் போய் நின்றது. அதனால் எங்கள் ரூட்டரில் ஒரு பட்டியல் உண்டு. மேகத்திலிருந்து இந்த முகவரிகளை மட்டுமே ஏற்றுக்கொள், நம் பக்கமிருந்து இவற்றை மட்டுமே அறிவி. மற்ற எதையும் அது கண்டுகொள்ளாது.

பதினான்காவது வரி

தனிப்பாதைக்கு மாறுவதற்கு முன் எல்லா விதிகளையும் ஒருமுறை சரிபார்ப்பது அண்ணனின் வழக்கம். அப்போதுதான் சிவப்பு வட்டம் விழுந்தது.

விதியை உடனே நீக்கினோம். ஆனால் நீக்குவதோடு வேலை முடியவில்லை. இந்த 23 நாள்களில் அந்தக் கதவு வழியாக யாராவது வந்தார்களா?

பதிவேடுகளைத் தோண்டினோம். மேகத்தில் ஒப்பந்ததாரர் பயன்படுத்திய ஒரு சோதனைக் கணினி, இரண்டு இரவுகளில் எங்கள் சர்வர் அறையில் இருந்த கணினிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்திருந்தது. தட்டப்பட்டவற்றில் ஒன்று சம்பளக் கணக்கு சர்வர். அறுநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், சம்பளம் எல்லாம் அதில் இருந்தன. பாரந்தூக்கி ஓட்டுநர்கள், இரவு நேரத்தில் பெட்டி அடுக்குபவர்கள், உணவகத்தில் எனக்குத் தினமும் தேநீர் கலந்து தரும் அக்கா என அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் எனக்கு முகம் தெரிந்தவர்கள்.

சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தரவு கசிந்ததாக ஒரு நிறுவனம் உறுதிசெய்தால் மூன்று நாள்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பகுதியை அண்ணன் என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு நாள்கள் சரியாகத் தூங்கவில்லை.

கடைசியில் விடை கிடைத்தது. ஒப்பந்ததாரர் நிறுவியிருந்த ஒரு மென்பொருள், வலையமைப்பில் என்னென்ன கணினிகள் உள்ளன என்று தானாகத் தேடிப் பட்டியலிடும் வகையைச் சேர்ந்தது. அது தட்டியது, கடவுச்சொல் இல்லாததால் திரும்பிப் போனது. சம்பள சர்வரிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை. நிர்வாகத்துக்கு முழு அறிக்கை கொடுத்தோம். அதில் விதியை எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதினேன்.

வந்தது திருடன் அல்ல. திருடனாக இருந்திருந்தாலும் அந்தக் கதவு அதே மாதிரிதான் திறந்திருக்கும். எங்களைக் காப்பாற்றியது என் திறமையும் அல்ல, மறையாக்கமும் அல்ல. சுரங்கம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. தட்டிப் பார்த்த அத்தனை பொட்டலங்களையும் மறையாக்கம் செய்து, மிகவும் பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்த்தது!

இதைச் சொல்லும்போது 2018இல் சிங்ஹெல்த் மீது நடந்த இணையத் தாக்குதல் நினைவுக்கு வருகிறது. அப்போது நான் உயர்நிலைப் பள்ளி மாணவர். 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்களும், அவர்களில் ஏறத்தாழ 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் திருடப்பட்டன. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றுள் அடங்கும். விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. அதில் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இருந்த சில சர்வர்களுக்கும் நோயாளித் தரவுத்தளத்துக்கும் இடையே ஓர் இணைப்பு திறந்தே இருந்தது. நிர்வாக வேலைகளுக்காக அதை வைத்திருந்தார்கள். ஆனால் அது திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று குழு கூறியது. தாக்கியவர்கள் அதன் வழியாகத்தான் தரவுத்தளத்தை எட்டினார்கள்.

இரண்டு இடங்களை இணைக்கும்போது நாம் சாலையைப் பற்றியே பேசுகிறோம். எவ்வளவு வேகம், எவ்வளவு வலுவான மறையாக்கம் என்று கேட்கிறோம். அந்தச் சாலையில் யார் வரலாம், எந்தக் கதவுவரை வரலாம் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம்.

கம்பியைப் பிடுங்கு

தனிப்பாதை ஓடத் தொடங்கியதும் பழைய விபிஎன் சுரங்கம் மாற்றுவழியானது. தனிப்பாதை அறுந்தால் தரவு தானாகச் சுரங்கத்துக்கு மாற வேண்டும். படத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, நள்ளிரவு தாண்டி ஒரு மணி. கிடங்கில் வேலை ஓய்ந்திருந்த நேரம். "பிடுங்கும்மா" என்றார் அண்ணன். தனிப்பாதைக் கம்பியை ரூட்டரிலிருந்து கழற்றினேன்.

முதல் அதிர்ச்சி, ஒன்றரை நிமிடம் எதுவும் நடக்கவில்லை. எங்கள் ரூட்டருக்குக் கம்பி போனது உடனே தெரிந்தது. மறுமுனைக்குத் தெரியவில்லை. இடையில் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சாதனம் இருந்ததால் அங்கே கம்பி இன்னும் செருகியபடிதான் இருந்தது. பிஜிபி 90 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எதிர்முனை இறந்துவிட்டது என்று முடிவு கட்டியது.

இரண்டாவது அதிர்ச்சி, வழி மாறிய பிறகும் இரண்டு செயலிகள் வேலை செய்யவில்லை. தனிப்பாதை வந்த பிறகு சேர்த்த சர்வர்களுக்கான விதிகளைத் தனிப்பாதைக் கதவில் மட்டும் எழுதியிருந்தோம். சுரங்கக் கதவில் எழுதவில்லை. மூட வேண்டிய கதவைத் திறந்து வைத்தது என் முதல் தவறு. திறக்க வேண்டிய கதவை மூடி வைத்தது குழுவாக நாங்கள் செய்த இரண்டாவது தவறு.

இரு முனைகளும் வினாடிக்குச் சில முறை 'இருக்கிறாயா?' என்று கேட்டுக்கொள்ளும் பிஎஃப்டி என்ற நெறிமுறையைச் சேர்த்தோம். விதிகளை ஒரே கோப்பிலிருந்து இரண்டு கதவுகளுக்கும் போகும்படி மாற்றினோம். அடுத்த மாதம் மறுபடியும் பிடுங்கினோம். சில வினாடிகளில் எல்லாம் திரும்பிவிட்டது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடக்கும். 2023 அக்டோபர் 14ஆம் தேதி டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் முடங்கியது பலருக்கு நினைவிருக்கலாம். ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டும் முறையில் கோளாறு ஏற்பட்டது. இரண்டு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையங்கள் இருந்தன. ஆனால் அங்கே முழுமையாக மாற முடியவில்லை. ஒரு வங்கியில் வலையமைப்பு தவறாக அமைக்கப்பட்டிருந்தது, மற்றொன்றில் இணைப்புச் சிக்கல் என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2.5 மில்லியன் பணப் பரிமாற்றங்கள் தடைபட்டன. மாற்றுவழி வைத்திருப்பதும் அது உண்மையில் வேலை செய்யும் என்பதும் ஒன்றல்ல.

நீங்கள் எங்கே தொடங்கலாம்?

இந்தத் துறைக்கு வர விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. உங்கள் மடிக்கணினியில் இரண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்குங்கள். ஒன்றைச் சொந்த சர்வர் அறையாகவும் மற்றொன்றை மேகமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராங்ஸ்வான் என்ற இலவச மென்பொருளால் இரண்டுக்கும் நடுவில் ஐபிசெக் சுரங்கம் அமைக்கலாம். வயர்ஷார்க் என்ற மற்றோர் இலவச மென்பொருளைத் திறந்து, சுரங்கத்துக்கு முன்னும் பின்னும் பொட்டலம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். படிக்க முடிந்த சொற்கள் படிக்க முடியாத குறிகளாக மாறுவதைக் கண்ணால் காணும்போது பாடநூல் வேறு மாதிரி புரியும். பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே முகவரியைக் கொடுங்கள். பெரிய பொட்டலத்தை அனுப்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டியுங்கள்.

சொந்தமாக நடத்தும் இத்தகைய சோதனைகள் உங்கள் கணினிக்குள் மட்டுமே இருக்க வேண்டும். பள்ளியின் அல்லது பிறருடைய வலையமைப்பை அனுமதியின்றித் தட்டிப் பார்ப்பது குற்றம்.

நேர்முகத் தேர்வில் 'என்னென்ன தெரியும்?' என்று கேட்பார்கள். 'எதைக் கெடுத்தாய், எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று கேட்டால் சொல்வதற்கும் உங்களிடம் ஏதாவது இருக்கட்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஃபயர்வாலில் எந்த விதியைச் சேர்த்தாலும் அதோடு மூன்று விவரங்களை எழுத வேண்டும். யார் எழுதியது, ஏன் எழுதியது, எந்தத் தேதியில் நீக்கப்படும். 'தற்காலிகம்' என்று மட்டும் எழுதினால் அண்ணன் ஏற்க மாட்டார். தேதி வேண்டும்.

சிவப்பு வட்டம் போட்ட அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். போன மாதம் எங்கள் குழுவுக்கு வேலைப்பயிற்சிக்கு ஒரு தம்பி வந்தான். முதல் நாளே அவனிடம் அந்தத் தாளைக் காட்டினேன். பதினான்காவது வரியைப் படித்துவிட்டு, "இத யாருக்கா எழுதினது?" என்று கேட்டான்.

"நான்தான்பா" என்றேன்.